ஒரே அடுப்பில் இரண்டு அப்பம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். உன் மனைவியையும் பக்கத்தில் கூப்பிடு. பயப்படாதே, அப்பா நன்றாக இருக்கிறார், இருமல்கூடக் குறைந்துவிட்டது. இது நல்ல செய்தி. கை பரபரக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

ஆற்றுப் பாலத்தை இன்று காலை திறந்துவிட்டார்கள்! நாடு இரண்டாகி, பாலத்தின் நடுவில் முள்வேலி போட்டு ஐம்பத்திரண்டு வருடம். அக்கரையிலிருந்து பேராயர் நடந்தே வந்தார். நம் தெருவின் இரண்டு சபையும் பாலத்தடியில் ஒரே திருவிருந்தில் நின்றன. ஆமாம், இரண்டும்தான்!

உன் மகள் வளர்ந்து ஒருநாள் கேட்பாள், அதனால் முறையாகச் சொல்லி வைக்கிறேன். நாடு பிரிந்தபோது பேராயர் வீடு அக்கரையில் மாட்டிக்கொண்டது. எல்லை எங்கே விழுந்தாலும் அந்த வீட்டில் இருப்பவரே நம் பேராயர் என்ற நம் பக்கத்தார் பழைய கோயிலில் இருந்துகொண்டார்கள். புது நாட்டுக்குப் புதுப் பேராயர் என்றவர்கள் எதிரிலேயே ஒன்று கட்டினார்கள். திருவிருந்து அப்பத்துக்கு மாவைப் புளிக்க வைக்கலாம் என்று நாமும் கூடாது என்று அவர்களும் மல்லுக்கு நின்றதெல்லாம் நாலைந்து வருடம் கழித்துக் கிளம்பியது. சண்டை முதலில் வந்தது, காரணம் பின்னால் வந்து சேர்ந்தது. நீ எதிர்ச் சபை வாத்தியார் மகளைக் கட்டிக்கொண்ட அன்று அப்பா கடையை அடைக்காமல் ரொட்டி சுட்டுக்கொண்டே இருந்தாரே, அது இந்தப் புளிப்புக்காகத்தான்.

பாலத்தடியில் எந்த அப்பம் என்று முடிவு செய்ய, போன மாதம் இரண்டு கமிட்டியும் கூடின. அவர்கள் கோயிலில் இவர்கள் கால் வைக்கமாட்டார்கள், இவர்கள் கோயிலில் அவர்கள் வைக்கமாட்டார்கள். கடைசியில் நம் பேக்கரி. பதினோரு பேர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். உன் மாமனார் சரித்திர வாத்தியார் அல்லவா, ஆரம்பித்துவிட்டார். ‘ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் பிரிஞ்சப்போவும் இந்த அப்பச் சண்டை இருந்துச்சு. நாடு கோடு போட்டுப் பிரியும், சபை அந்தக் கோட்டுக்கு வசனம் தேடும். ஒருத்தரை ஒருத்தர் விலக்கி வச்சதை வாபஸ் வாங்கவே தொள்ளாயிரம் வருஷம் ஆச்சு’ என்றார். அப்பா விடுவாரா? ‘அப்போ நமக்கு இன்னும் எண்ணூத்திச் சொச்சம் வருஷம் இருக்கு, என்ன அவசரம்?’ என்றார். சிரித்தவர்கள்கூட இறங்கி வரவில்லை. மூன்று மணி நேரம்!

எனக்குப் பொறுக்கவில்லை. தட்டை மேசையில் ஓங்கி வைத்தேன். ‘சுடப்போறவ நான். புளிச்சது ஒண்ணு, புளிக்காதது ஒண்ணு, ரெண்டும் ஒரே தட்டுல. வேணுங்கிறதை எடுத்துக்குங்க. தட்டையும் பிரிக்கச் சொன்னா நாளைலருந்து ஊருக்கே ரொட்டி கிடையாது’ என்றேன். ஊரில் வேறு பேக்கரி இல்லை என்பது உனக்குத் தெரியும். கமிட்டி தலையாட்டியது.

எதிர்ச் சபையார் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள். புளிக்காத மாவில் பழைய புளித்த மாவு ஒட்டாமல் பார்க்க அவர்கள் ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும். நேற்றுக் காலை வந்து நின்றவர் உன் மாமனார். சனிக்கிழமை ஓய்வு என்று கடைப்பக்கமே வராத அப்பா, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாவு சலிக்க வந்துவிட்டார்! நான் மேசையை இரண்டு முறை கழுவினேன். இரண்டு மணி நேரம் அப்பா சல்லடையையே பார்த்துச் சலித்தார், வாத்தியார் என் கையையே பார்த்து நின்றார். பிறகு நான் அடுப்புக் கதவைத் திறந்தேன். வாத்தியார் மூக்குக்கண்ணாடியோடு குனிந்து எட்டிப் பார்த்தார். அப்பா அலறினார்: ‘சம்பந்தி, தள்ளி நில்லுங்க! புருவம் பொசுங்கிடும்!’

சம்பந்தி! நாலு வருடத்தில் முதல் தடவை. தன் வாயிலிருந்தா வந்தது என்று அப்பாவே திகைத்துப் போனார். வாத்தியார் மெதுவாக நிமிர்ந்து, ‘சரிங்க சம்பந்தி’ என்றார். அவ்வளவுதான். நான் வாயைப் பிளந்து நின்றதில் ஒரு தட்டு முழுக்கக் கருகிவிட்டது. அப்பா திட்டவே இல்லை.

எல்லாம் தேன் என்று எழுதினால் பொய். நம் பக்கம் ஒன்பது குடும்பம் இன்று வரவில்லை. ஒருவர் பழைய கோயிலைப் பூட்டிச் சாவியோடு எங்கோ போய்விட்டார். அப்பாவும் புளித்ததைத்தான் எடுத்தார், வாத்தியார் புளிக்காததைத்தான் எடுத்தார். ஆனால் தோளோடு தோள் நின்று எடுத்தார்கள். பேராயர் ஜெபம் செய்தபோது பாலம் முழுக்க அழுதது. நானும்தான்.

உன் பெயரை அப்பா இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மதியம் சாப்பிடும்போது மட்டும், தலை நிமிராமல், ‘இந்நேரம் பல்லு எத்தனை முளைச்சிருக்கும்? ரொட்டி கடிக்குமா?’ என்று கேட்டார். எந்தக் குழந்தைக்கு என்று நான் கேட்கவில்லை.

கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். இதற்குப் பதில் எழுதி நாளைக் கடத்தாதே தம்பி. புறப்பட்டு வா.

மாவு காயாத கையோடு,
உன் அக்கா