மாடியில் இருப்பது சமையலறைதான்

என் கண்ணான மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீங்கள் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரு "ம்" சொல்கிறாய், அதனால்தான் கடிதம், இதற்காவது நாலு வரி பதில் எழுது. குழந்தைக்கு இருமல் விட்டதா? காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே, சின்ன வயதில் உனக்கும் காது வழியாகத்தான் குளிர் ஏறும். மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சியில் நம் தெருவுக்கான கட்டட விதிகளை மாற்றப் போவதாக அறிவித்தார்கள். இதுவரை ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு சமையலறை, கடை என்ற பேச்சே கூடாது. இனிமேல் ஒரு மனையில் மூன்று குடித்தனம் வரை இருக்கலாம், தெருமுனையில் சின்னக் கடைகள் வரலாம், ஆனால் மூன்று மாடிக்கு மேல் யாரும் எழுப்பக் கூடாது, வாடகைக்கு இருப்பவர்களைப் பத்து வருஷத்துக்குக் காலி செய்யச் சொல்லவும் கூடாது. கேட்டதும் தெருவே கொதித்துப்போனது. எதிர்வீட்டு வங்கிக்காரர், யார் யாரோ வந்து குடியேறுவார்கள், கார் நிறுத்த இடமிருக்காது என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். அவர் வீட்டில் ஏழு அறை, ஆள் இரண்டு பேர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது ஒன்பதே பிள்ளைகள், அது யார் கண்ணிலும் படவில்லை. ஆட்சேப மனு எழுத ஆள் தேடியபோது எல்லாரும் உன் அப்பாவைக் கைகாட்டினார்கள். முப்பத்தாறு வருஷம் நகராட்சி அலுவலகத்தில் வரைபடம் போட்டவர் அல்லவா, அவருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் சாப்பாட்டு மேஜை எனக்கில்லை, ஸ்கேல், கலர் பென்சில், பழைய விதிப் புத்தகம் என்று பரப்பி வைத்துக்கொண்டு பதினாறு அம்சங்கள் எழுதினார். மாடிகளில் அனுமதியில்லாமல் இருக்கும் இரண்டாவது சமையலறைகளை உடனே மூடி முத்திரையிட வேண்டும் என்பது ஒன்பதாவது.

மனுவைக் கொடுத்துவிட்டு வந்து பெருமையாக எனக்குப் படித்துக் காட்டினார். ஒன்பதாவது வந்ததும் நான் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, நம்ம மாடியில இருக்கிறது என்னங்க என்று கேட்டேன். மனுஷன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், ஸ்டோர் ரூம் என்றார். உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மாடி எடுத்தபோது, சமையலறை என்று போட்டால் அனுமதி கிடைக்காது என்று வரைபடத்தில் அப்படி எழுதியவர் அவர்தான், எழுதினதை நம்பியும்விட்டார். அந்த ஸ்டோர் ரூமில்தான் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண் ஒன்பது வருஷமாகச் சமைக்கிறாள், அவள் மகள் அந்தச் சமையல் மேடைமேல் உட்கார்ந்துதான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாள். போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது செருப்பில்லாமல் ஓடி வந்தவள் அவள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் அவளுக்கு வேறு யார் வீடு தருவார்கள் என்று கேட்டேன். அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் காலைப் பேப்பரைக்கூடத் தொடவில்லை.

பள்ளிக்கூட ஹாலில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். நர்ஸ் பெண்ணும் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மனுவை விளக்கக் கூப்பிட்டதும் உன் அப்பா எழுந்து, எங்க வீட்டு மாடியில இருக்கிறது ஸ்டோர் ரூம் இல்லீங்க, சமையலறைதான், பொய்யா வரைஞ்சது நான்தான், மனுவிலிருந்து என் கையெழுத்தை எடுத்துடுங்க என்றார். வங்கிக்காரர், இப்படிக் கழுத்தறுத்துட்டீங்களே என்று கத்தினார். அப்போது முனை வீட்டு பஸ் டிரைவர் எழுந்து தன் வீட்டிலும் அப்படித்தான் என்றார், அப்புறம் தையல்காரம்மா, அப்புறம் இன்னும் மூன்று பேர். எல்லாருக்கும் படம் போட்டுக் கொடுத்தது யார் என்று கூட்டம் நடத்திய அதிகாரி அம்மா கேட்க, ஐந்து பேர் விரலும் ஒரே ஆளைக் காட்டின. இந்தத் தெருவுல ஒரு வீட்டுலகூட ஸ்டோர் ரூமே கிடையாது போலிருக்கே என்று அந்த அம்மா சொன்னதும் ஹாலே சிரித்தது, உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், வெகு நாளைக்கப்புறம்.

புதிய விதி போன வாரம் அமலுக்கு வந்துவிட்டது. மாடியைத் தனி வீடாகப் பதிய வேண்டும், பதியாத சமையலறைகளை வருஷக் கடைசியில் மூடிவிடுவார்கள். பத்திரத்தில் உன் பெயரும் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். போட்டால் பத்து வருஷத்துக்கு மாடி நர்ஸ் பெண்ணுடையது. நீ குடும்பத்தோடு வந்து இருப்பாய் என்றுதான் அதைக் கட்டினோம். அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று நீ சொல்லும்போதெல்லாம் நானும் சரி சரி என்கிறேன், நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும் கண்ணா. அழுதிருக்கிறேன், இப்போது அழவில்லை. லீவில் வந்தால் எங்கள் அறையை உங்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் ஹாலில் படுத்துக்கொள்வோம்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த மனசோடு வாழ வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். குழந்தைக்கு என் முத்தம். இத்துடன் இருக்கும் படிவத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பு, மறந்துவிடாதே. மனசு ஒப்பவில்லை என்றால் போடாதே, கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆனால் வேறு வீடு பார்த்துக்கொள்ளம்மா என்று அவளிடம் நீயே போன் பண்ணிச் சொல்லிவிடு. என் வாயால் அதைச் சொல்ல முடியாது.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா