தலைகீழாகப் பிடித்த அட்டை

அக்கா,

நேற்று இரண்டாம் சோதனை நிறைவுற்றது. இன்று காலை எண் அட்டைகளை அடுக்கிக் கட்டும்போது எழுந்த மை மணம், முதல் கட்டைப் பிரித்த உங்கள் அரியலூர்க் கண்ணாடிக் கடைக்கு என்னை அழைத்துச் சென்றது. பார்வை சோதிக்கும் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, நீங்கள் நின்றுகொண்டே தேநீர் குடித்த நாள் அது.

கல்லூரி வாசலை மிதிக்காமல், அகராதியின் துணையோடு கையேடு படித்து, மருந்து தெளிக்கும் டிரோனை ஓட்டக் கற்றவள் நான். பெரம்பலூரில் பிற பெண்களையும் விமானிகளாக்கத் தொடங்கியபோது, கையிலுள்ள திரைக்கும் வானிலுள்ள டிரோனுக்கும் இடையே அவர்கள் பார்வை தடுமாறுவதைக் கண்டேன். அருகில் ஒரு விரல், தொலைவில் ஓர் எண் அட்டை எனக் கண்ணை மாற்றி மாற்றி ஓட்டும் பயிற்சியை வகுத்தேன். அதை முடித்தவர்களுக்கு, வரப்பில் நின்று மின்கம்பியைப் பார்த்துச் சொல்லும் துணையாள் வேண்டியதில்லை என்று விதியும் எழுதிவிட்டேன். முதலில் தனியே செல்லவிருந்தவள் குன்னத்துச் செல்வி. அவள் வயலில் வேப்பமரத்துக்குப் பின்னே கம்பி ஓடுகிறது.

பயிற்சிக்குப் பின் உங்கள் கடையில் வைத்த முதல் சோதனையில் எல்லோரும் எண்களை விரைந்து வாசித்தார்கள். நான் பூரித்து நின்றேன். நீங்களோ செல்வியின் முறை வந்ததும் அட்டையைத் தலைகீழாகப் பிடித்தீர்கள். அவள் ஓரிடத்திலும் இடறாமல் ஒப்பித்து முடித்தாள்.

"தாயி, அட்டை தலைகீழா இருக்கு."

"அப்படிங்களா? சோறு வடிக்கிறப்பகூட இதுதாங்க வாயில ஓடுது."

என் பக்கம் திரும்பினீர்கள். "டீச்சரம்மா, நீ கண்ணுக்குப் பயிற்சி குடுத்தியா, வாய்க்குக் குடுத்தியா?"

பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒரே அட்டையைக் கொடுத்திருந்தேன். வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் படித்து வளர்ந்தவர்களிடம் எண்களை நீட்டினால் வேறென்ன நடக்கும்? அது அன்று உறைக்கவில்லை. கோபத்தோடு பஸ் ஏறினேன். உங்கள் அழைப்பை இரண்டு நாள் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் எடுத்தேன். "கோவம் தீந்துச்சா? பாதிப் பேருக்குப் பயிற்சி குடு, பாதிப் பேருக்குக் குடுக்காத. ஒவ்வொரு தடவையும் வேற அட்டை. யாரு எந்தப் பக்கம்னு அளக்குற ஆளுக்குத் தெரியக் கூடாது."

"அளப்பது யார், அக்கா?"

"நான்தான். உன்னைய நம்ப மாட்டேன்."

புதிய அட்டைகள் அச்சாகி வருவதற்குள் நீங்கள் மறைந்துவிட்டீர்கள். உங்கள் இடத்தில் இப்போது பார்வை சோதிக்கும் பெண், யார் எந்தப் பக்கம் என்று அறியாமலே அளந்து கொடுத்தாள்.

முடிவு இதுதான்: அட்டை வாசிப்பதிலும் சரி, வயலில் கம்பியைக் கண்டு குரல் கொடுப்பதிலும் சரி, பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேற்றுமை தென்படவில்லை.

"அப்ப நான் கண்ண உருட்டுனதெல்லாம் வீணாங்க?" என்றாள் செல்வி. "எங்க மாமியா நான் மொறைக்கிறேன்னு சண்டைக்கே வந்துட்டாங்க."

வெட்கம் வரும் என்று அஞ்சியிருந்தேன். வந்தது சிரிப்பு, அதன்பின் நெடுநாள் அடக்கிய மூச்சு. என் சொல்லை நம்பி அவள் அந்த வேப்பமரத்தடியில் தனியே நிற்க நேரவில்லை. விதியை எழுதிய தாளைக் கிழித்தேன்.

இனி என் கணக்கில் ஒரு விமானி என்றால் இரண்டு ஜோடிக் கண்கள். நாளை செல்வி பருத்திக்கு மருந்து தெளிக்கிறாள். வரப்பில் நின்று கம்பியைப் பார்த்துச் சொல்ல நான் போகிறேன்.