குடையிலிருந்து விழுந்த தவளை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் சித்தி எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம். கடிதம் என்றால் எழுதியாக வேண்டிய வரி என்று இதைத் தாண்டிப் போய்விடாதே. நலம் என்று எழுதலாமா என்று யோசித்து, எழுதலாம் என்று முடிவு செய்த பிறகுதான் எழுதினேன்.

போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேன். உன் அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாவிட்டாலும் இதை வாயால் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். அப்பாவுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா, இல்லையென்றால் மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டாய். வீட்டை வாங்குபவர் சாவிக்காகக் காத்திருக்கிறார், மாதக் கடைசியில் அப்பாவுக்கு விமானம், அவரோ ஒரு அலமாரியைக்கூட ஒழிக்க விடமாட்டேன் என்கிறார். போதாததற்கு, அம்மா போன மறுவாரம் அவர் நடுத்தெருவில் மழையில் நின்று தனியாகச் சிரித்தார் என்று எதிர்வீட்டு அம்மாள் உனக்குக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லியிருக்கிறார்.

சிரித்தது உண்மை. நானும் அதற்காக அவர் மேல் கோபமாகத்தான் வந்தேன். செத்துப்போனவள் என் அக்கா.

நான் வந்த வேலை உனக்குத் தெரியும். தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்து, பெட்டி கட்டி, அவரை உன்னிடம் அனுப்பிவைப்பது. கல்லூரியில் விடுப்புக் கேட்டபோது துறைத் தலைவர் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். நான் விடுப்பு எடுத்து அங்கே யாரும் பார்த்ததில்லை. நாலைந்து நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முடியவில்லை. நான் எதைத் திறந்தாலும் உன் அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்து நிற்பார். மாவு டப்பா, துணிப் பெட்டி, உன் பழைய புத்தக அடுக்கு, எதுவானாலும் சரி. பொருளைப் பார்க்க மாட்டார். என் முகத்தைத்தான் பார்ப்பார். பரீட்சை எழுதுகிற பெண்ணைக் கண்காணிப்பவரைப் போல. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. உன் சந்தேகம் சரிதான் என்றுகூட அப்போது நினைத்தேன்.

ஒருநாள் மாலை தேநீர் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன். அத்தான், நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று. அவர் தேடவில்லையாம். "நான் ஏன் தேடணும்? அவ முறைம்மா இது" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு முழுவதையும் சொன்னார்.

உனக்கு ஒரு மரத் தவளை இருந்தது. கட்டைவிரல் அளவு, பச்சைச் சாயம் பூசியது. உனக்கு நினைவிருக்காது, நீ நாலு நாள் விளையாடித் தூக்கிப் போட்டது. நீ பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில் உன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இரவு வேலை. அப்பா பேருந்துகளுக்கு அட்டவணை போடுகிறவர், விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத வருஷங்கள். பார்த்தபோதும் பள்ளிக் கட்டணம், தண்ணீர்க் குழாய், உன் காய்ச்சல் என்றுதான் பேச்சு. ஒருநாள் அவர் அலுவலகத்தில், அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் உள்ளே தவளை உட்கார்ந்திருக்கிறது. சட்டென்று மூடிவிட்டுப் பசியில்லை என்று சொன்னாராம். அடுத்த வாரம் உன் அம்மா பெரிய மருத்துவருக்கு முன்னால் வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தபோது அதுவும் கூடவே வந்தது.

அப்படித் தொடங்கியது, அவள் சாகிற வரைக்கும் நிற்கவில்லை. வீட்டுக்குள்ளோ மற்றவர் கையில் கொண்டுபோகும் பொருளிலோ ஒளித்துவைக்க வேண்டும். ஒளித்தவர் தானே எடுக்கக் கூடாது. கண்டுபிடித்தவர் கண்டுபிடித்தேன் என்று சொல்லவே கூடாது. பேசாமல் வேறு இடத்தில் ஒளித்துவிட வேண்டும். அதனால் சில சமயம் தவளை யாரிடம் இருக்கிறது என்பதே மாதக்கணக்கில் தெரியாது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் தவளை மட்டும் இடம் மாறிக்கொண்டிருக்குமாம். அந்த வீட்டிலேயே வளர்ந்த உனக்கு இது தெரியாது. அவளோடு ஒரே வயிற்றில் பிறந்த எனக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் யாரையும் சிரித்த முகத்தோடு பார்க்காதவள் என்று பெயர் வாங்கியவள் அவள். என்னைத்தான் உம்மணாமூஞ்சி என்பாள்.

அவள் போன மறுவாரம் இறப்புச் சான்றிதழ் வாங்கப் புறப்பட்ட உன் அப்பா, தெருவில் மழை பிடித்துக்கொள்ளவும் குடையை விரித்திருக்கிறார். தவளை அவர் தலைமேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முன்பு, வலியோடு வலியாக, அவள் அதைக் குடை மடிப்புக்குள் வைத்திருக்கிறாள். மழை வரும் வரை காத்திருக்கட்டும் என்று. பாப்பா, அவர் சிரித்தது அதற்குத்தான். எதிர்வீட்டு அம்மாள் குடையைப் பார்த்தார், தவளையைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் இத்தனைக்கும் காரணம். வீட்டுக்குத் திரும்பியதும், இத்தனை வருஷத்துப் பழக்கம், கை தன்னால் அதைக் கொண்டுபோய்ச் சமையலறைப் பரணில் ஒளித்துவிட்டது. ஏணியிலிருந்து இறங்கிய பிறகுதான் தேடுவதற்கு ஆள் இல்லை என்பது உறைத்திருக்கிறது. அப்படியே மேலே ஏறி எடுத்திருக்கலாமே என்றேன். "அது அழுகுணி ஆட்டம்மா. ஒளிச்சவனே எடுத்தா அப்புறம் என்ன விளையாட்டு?" என்றார். பிறகு குரலை இறக்கி, "வீட்டைப் பூட்டிக் குடுத்துட்டா அவ எங்க வந்து தேடுவா?" என்று கேட்டார்.

இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கவில்லை. ஒரு நேர அட்டவணையில் இருக்கும் சிக்கலைச் சொல்வது போலத்தான் சொன்னார். புத்தி பிசகியவர் பேசுகிற விதம் எனக்குத் தெரியும், இது அதுவல்ல. என்ன செய்வது என்று தெரியாதவர் பேசுகிற விதம்.

நானே எடுத்துவிட்டால் கதை முடிந்துவிடும் என்று தோன்றியது. மறுநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். பழைய மிக்ஸி பெட்டிக்குப் பின்னால் என்று சொல்லியிருந்தார். அங்கே தூசி விரித்த பாயைப் போல் படிந்திருந்தது. நடுவில் கட்டைவிரல் அளவுக்கு மட்டும் தூசி இல்லை. தவளையும் இல்லை.

உன் அப்பா சான்றிதழ் வாங்கிய அந்த மாதமே குளியலறையில் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டவர். நாற்காலியில் ஏறக்கூட முடியாது. காலையில் சமைக்க வருகிற அம்மாளை விசாரித்தேன். பரண் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை, அங்கே பல்லி இருக்கிறது என்றார். எலி இழுத்துப் போயிருக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். அத்தானிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு அப்போது என்னிடம் காரணம் ஏதும் இல்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, விடைத்தாள் திருத்த உட்கார்ந்து என் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். கண்ணாடிக்கு அடியில் தவளை.

நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். பொருள் தன்னால் நகராது, யாராவது நகர்த்த வேண்டும். பேய் பிசாசு என்று நான் எழுதுவதாக நினைக்காதே. ஆனால் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாயமெல்லாம் போய், மரம் எண்ணெய் இறங்கியது போல் வழுவழுப்பாக இருந்தது. இரண்டு பேருடைய விரல்கள்தான் அப்படித் தேய்த்திருக்கின்றன. பக்கத்து அறையில் உன் அப்பா செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவர் கையில் கொடுத்திருந்தால் விமானத்துக்குச் சரியாக இருந்திருக்கும். உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்திருக்காது.

தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சும்மா வைக்கவில்லை. சுற்றிலும் முகப் பவுடரை மெல்லிசாகத் தூவிவைத்தேன். வருவது யாரென்று விரல் தடம் சொல்லட்டும் என்று. உன் அம்மா பார்த்திருந்தால், நீ விளையாட வந்தாலும் சோதனைக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாயே என்று கேட்டிருப்பாள்.

இந்த இடத்தில் நேற்று நிறுத்தியிருந்தேன். இன்று மதியம் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். தவளை இல்லை. பவுடரும் இல்லை. தடம் ஏதும் விடாமல் மூலை முடுக்கெல்லாம் ஈரத்துணியால் துடைத்து, நூல்கண்டுகளை நிற வரிசையில் அடுக்கியிருக்கிறது. உன் அப்பா தன் வாழ்நாளில் ஒரு மேசையைத் துடைத்தவரில்லை என்பது உனக்குத் தெரியும். சமைக்கிற அம்மாள் இன்று வரவில்லை, மகளுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் அனுப்பியிருந்தார்.

அவராகத்தான் இருக்க வேண்டும். வேறு விளக்கம் கிடையாது. இந்த வயதில் துடைக்கக் கற்றுக்கொண்டிருக்கலாம். பரண்தான் இடிக்கிறது, அதற்கும் ஏதாவது விளக்கம் இருக்கும். கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்கக் கூடாது என்பதுதான் விளையாட்டு. மாலையில் தேநீர் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இருவரும் சர்க்கரை போதுமா என்று பேசிக்கொண்டோம்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். நான் வந்தபோது அவர் சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவார். இப்போது சாப்பிடுகிறார். முட்டிக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தானாகவே செய்கிறார். நேற்று என்னை "உம்மணா" என்று கூப்பிட்டார். உன் அம்மா தவிர வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கும் இங்கே வேறு மாதிரிதான் இருக்கிறது. எந்த மூடியைத் திறந்தாலும் ஒரு நொடி மூச்சு நின்றுவிட்டுப் பிறகு வருகிறது. பயமா என்று கேட்டால் பயம்தான். ஆனால் இத்தனை வயதுக்குப் பிறகு, அடுத்ததாக எதைத் திறக்கலாம் என்ற ஆசையோடு நான் காலையில் எழுந்திருக்கிறேன். இதற்கு முன் அப்படி எழுந்ததாக நினைவில்லை.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில்: அவருக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் அவரை விமானத்தில் ஏற்றினால் சரியாக இருக்குமா என்பதற்கு மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது. வீடு உங்களுடையது, விற்க வேண்டாம் என்று சொல்ல நான் யார். வாங்குபவரிடம் கொஞ்சம் அவகாசம் கேள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் பொறுக்க மாட்டார் என்றால் வேறு ஒருவர் வருவார். நான் விடுப்பை நீட்டித்து எழுதிவிட்டேன். துறைத் தலைவர் இந்த முறை காரணம் கேட்கவே பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

நீ வா, பாப்பா. பெட்டி கட்டுவதற்கு வராதே. மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வா. நீங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிடுவதைக்கூட நாள்காட்டியில் குறித்துவைத்துக்கொள்கிறீர்கள் என்று சொன்னாய். நல்ல ஏற்பாடு என்று அப்போது பாராட்டினேன். அந்தப் பாராட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வேலையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் காரணமில்லாத சிரிப்பு நிறைய இருக்கட்டும், அது உங்கள் கடைசி நாள் வரைக்கும் தீராமல் இருக்கட்டும். ஆசி சொல்லிப் பழக்கமில்லாதவள் சொல்லுகிறேன், அப்படியே எடுத்துக்கொள்.

முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டியதில்லை. பகலில் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. நீ கூப்பிட்டு யாரும் பதில் சொல்லாவிட்டால் பயந்துவிடாதே. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தேடு.

அன்புடன்,
உன் சித்தி