உண்மைதான், இருந்தாலும்

மார்ச் 3
பக்கத்து வீட்டு மரக்கடைக்காரர் என் வழக்குக்குக் கோர்ட்டில் பதில் போட்டுவிட்டார். லாரியை எங்கள் வாசலில் நிறுத்தாதீர்கள் என்று நான் சத்தம் போட்ட மறுவாரமே, அம்மா அறையின் ஒரே ஜன்னலை மறைத்துத் தகரம் நிறுத்தினாரே, அதில் எதையும் மறுக்கவில்லை. அம்மா இடுப்பு உடைந்து படுத்திருப்பதையும்கூட. பிறகு எதற்கு வழக்காடுகிறாராம்? ‘டிமரர்’ என்று ஒரு சொல். அகராதி பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

மார்ச் 5
வக்கீலம்மா விளக்கினார். “நீங்க எழுதினது அத்தனையும் உண்மைன்னே வெச்சுக்குவோம், ஆனா அதுக்காகக் கேஸ் போடச் சட்டத்துல இடமில்லைங்கிறாங்க.”

“பொய்னு சொல்லலையா?”

“இந்த ஆட்சேபத்தை எழுப்பினா சொல்ல முடியாது. உங்க கதையை அப்படியே ஏத்துக்கிட்டுத்தான் பேசணும்.”

பொய் என்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உண்மைதான், அதுக்கென்ன இப்போ — இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

தம்பியிடம் போனில் புலம்பினேன். “என் பொண்டாட்டி தினமும் எனக்குப் போடுறது இதானேக்கா” என்கிறான். பாவி, சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 11
“விடிஞ்சுதாடி?” என்றாள் அம்மா. உச்சிவேளை.

மார்ச் 19
வழக்கு தள்ளுபடி.

ஆனால் இதை எழுதி வைக்க வேண்டும். அவருடைய வக்கீல் எழுந்து, கணீரென்று, என் மனுவையே சொன்னார். படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவள். வெளியுலகம் என்று அவளுக்கு இருந்தது அந்த ஜன்னல் ஒன்றுதான். பகலா இரவா என்று இப்போது மகளைக் கேட்கிறாள். “இவை யாவும் உண்மையென்றே கொள்வோம். வேண்டுமென்றே மறைத்தார் என்பதும் உண்மையென்றே கொள்வோம். இருந்தாலும்—”

மரக்கடைக்காரர் பதறிப்போய் அவர் அங்கியைப் பிடித்து இழுத்தார். “சார், நீங்க யாருக்குப் பேசுறீங்க?” வக்கீல் கையைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார். மரக்கடைக்காரர் தலை குனிந்தது, தீர்ப்பு வரும்வரை நிமிரவே இல்லை. ஜெயித்தவர் எனக்கு முன்னால் வெளியேறினார், திரும்பிப் பார்க்காமல்.

மார்ச் 20
பட்டப்பகலில் விளக்கைப் போட்டு அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினேன்.

மார்ச் 28
காலையில் தகரச் சத்தம். இன்னும் உயர்த்துகிறாரா? ஓடினேன். ஏணிமேல் அவர், கையில் ஸ்பேனர். ஒரு தகடு ஏற்கெனவே தரையில் கிடந்தது.

“துருப் பிடிச்சிருச்சும்மா” என்றார், என்னைப் பார்க்காமல். புத்தம்புதுத் தகரம், வெயிலில் பளபளக்கிறது.

“ஆமாண்ணே, பிடிச்சிருக்கு” என்றேன். ஏணியைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே வந்தால் அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு வெளியே பார்க்கிறாள்.

“ஏண்டி, அந்த மரக்கடைக்காரன் இப்படி இளைச்சுட்டானே. உடம்புக்கு என்னவாம்?”