ஐந்து ஃபிரேம்

மார்ச் 4, செவ்வாய்

இயக்குநரோடு எடிட்டிங் அறையில் நான்காவது நாள். மூன்று பேய்ப் படம் எடுத்த மனுஷன் இப்போது ஆவணப்படம் எடுக்கிறார். போன வருடம் ஒரு பட்டறையின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விண்கல் ஒன்று விழுந்தது. உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த வெல்டர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். அதுதான் படம்.

எதிர்க்கடைக் கேமராவில் பதிவான காட்சியை இன்று முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். அவர் குனிந்து எதையோ தேடுகிறார். இரும்பில் கோடு போடுகிற சாக்கட்டியாக இருக்கலாம். பிறகு தூசி. அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எனக்குப் பயமாக இருப்பது அந்த ஒன்றுமில்லாததுதான்.

இயக்குநருக்கு அது போதவில்லை. பத்து விநாடிக்கு முன்பிருந்தே அடிவயிற்றைக் கலக்குகிற ஒரு ரீங்காரம் வேண்டுமாம்.

“கல்லு வர்றது தெரியணும்.”

“அவருக்கே தெரியலையே சார்.”

“அவருக்குத் தெரியலன்னா போகுது. பாக்கறவனுக்குத் தெரியணும்.”

போட்டேன்.

மார்ச் 6, வியாழன்

இன்று நாய் ஊளையிடும் சத்தம் சேர்த்தோம். எந்த ஊர் நாயோ. அந்தத் தெருவில் நாயே கிடையாது.

மார்ச் 11, செவ்வாய்

வெல்டரின் மனைவி பேசிய பகுதி. நான்கு நிமிடம். சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அழவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசுகிறார்.

“வானம் எடுத்துக்கிச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படியெல்லாம் இல்லீங்க. கல்லு அது பாட்டுக்கு வந்துது, இவரு பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு. அதுக்கு இவரைத் தெரியாது. இவருக்கும் அதைத் தெரியாது.”

இந்தப் படத்தில் எல்லாரும் சொல்லத் தவறியதை இந்த அம்மா சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். இயக்குநர் பின்னாலிருந்து திரையைத் தட்டினார்.

“வானம் எடுத்துக்கிச்சு. அங்கேயே வெட்டு.”

“அடுத்தது ‘ன்னு எல்லாரும் சொல்றாங்க’ன்னு வருது சார். அர்த்தமே மாறிடும்.”

“நீ எடிட்டரா, அந்தம்மாவுக்கு வக்கீலா?”

ஒட்டிக்கொண்டிருந்த ‘ன்னு’ — ஐந்து ஃபிரேம், விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. வெட்டினேன். வெட்டிய இடம் தெரியாமலிருக்க ஒரு முரசடி வைத்தேன். அந்த யோசனை அவருடையது இல்லை, என்னுடையது. தொழில் சுத்தம். தூ.

மார்ச் 20, வியாழன்

முன்னோட்டக் காட்சி. முரசடி வந்ததும் அரங்கமே நாற்காலியில் துள்ளியது. கை தட்டினார்கள். என் தோளையும் யாரோ தட்டினார்கள்.

ஏப்ரல் 2, புதன்

டிவியில் வந்துவிட்டது. அக்கா சோபாவில் காலை மடக்கிக்கொண்டு பார்த்தாள். “உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுடி” என்றாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

அந்த அம்மா எடிட்டிங் அறைக்கே வந்துவிட்டார்.

காலை பதினொரு மணி. கையில் ஒரு துணிப்பை. கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. இயக்குநர் எழுந்து நின்று கும்பிட்டார், மேடையில் நிற்கிற மாதிரி.

“உங்களைப் பாத்து அழாதவங்களே இல்லம்மா.”

“எனக்காக யாரும் அழ வேணாம். நான் பேசின மீதி எங்க?”

“படத்துக்கு நீளம்னு ஒண்ணு இருக்கும்மா...”

“வீட்டு ஓனரு காலி பண்ணச் சொல்றாரு. வானமே எடுத்துக்கிட்ட குடும்பமாம். அப்படி என்ன செஞ்சான் அந்த ஆளுன்னு தெருவே பேசுது. ஸ்கூல்ல என் பொண்ணு பக்கத்துல யாரும் உக்காரறதில்ல. நீங்களே சொன்னீங்களேன்னு என்கிட்டயே திருப்பிக் கேக்கறாங்க. நான் எப்பங்க சொன்னேன்?”

இயக்குநருக்குச் சொல்லிவைத்தாற்போல் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் திரும்பவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

“நீங்க யாரு?”

“எடிட்டர்.”

“அப்படின்னா?”

“எடுத்ததை வெட்டி ஒட்டறவங்க.”

“அப்ப நீங்கதானா.”

அதில் கோபமே இல்லை. தொலைந்த சாவியைக் கண்டெடுத்த மாதிரி சொன்னார்.

ஏப்ரல் 19, சனி

அக்கா சொல்கிறாள்: “அவரு வெட்டச் சொன்னாரு, நீ வெட்டின. உன் மேல என்ன தப்பு?”

கத்திவிட்டேன். என்ன தப்பா? அந்தக் கல்லுக்குத்தான் கண்ணு இல்ல, எனக்குமா இல்ல? நான் பாத்துத்தானே வெட்டினேன். ஒவ்வொரு ஃபிரேமா நகத்தி, பாத்து, பாத்து —

அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

அந்த நான்கு நிமிடத்தை வெட்டாமல் ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இயக்குநரைக் கேட்காமல் எடுத்ததுதான். திருட்டுத்தான்.

வாசலில் பாதி கட்டிய மூட்டைகள். பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவர் நின்றபடியே என் லேப்டாப்பில் முழுவதும் பார்த்தார்.

“என் பேர்ல இதை இணையத்துல போடலாம்னு இருக்கேன். உங்க சம்மதம் வேணும்.”

“இதுக்காவது கேக்கறீங்களே.”

திரையைக் காட்டி, “மூக்கைத் துடைக்கற இடம் மட்டும் வேணாம். அசிங்கமா இருக்கு” என்றார்.

“அதை எடுத்தா, இதையும் வெட்டிட்டாங்கன்னு சொல்லுவாங்கம்மா.”

யோசித்தார். “சரி, இருந்துட்டுப் போகட்டும்.”

உட்காரச் சொல்லவில்லை. நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஏப்ரல் 24, வியாழன்

போட்டுவிட்டேன். கீழே நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதினேன், அந்த முரசடி உட்பட.

மதியம் இயக்குநர் போனில்: “இனிமே எந்த ஸ்டூடியோ வாசப்படியும் நீ மிதிக்க முடியாது.” வைத்துவிட்டார். மிரட்டல் வசனத்தில்கூட பழைய பட வாடை.

மே 9, வெள்ளி

படத்தை இணையத்தில் இதுவரை பார்த்தவர்கள் பதினொரு லட்சம். என் நான்கு நிமிடத்தை அறுநூற்றுச் சொச்சம். அதிலும் ஒருவர் கேட்டிருக்கிறார், மியூசிக் ஏன் இல்லை என்று.

மே 30, வெள்ளி

அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். என் வீடியோவால் அதைத் தடுக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இப்போது கணக்கு வாத்தியார் ஒருவருக்குப் பாட வீடியோக்கள் வெட்டிக் கொடுக்கிறேன். இருமலை எடுக்கலாமா என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். அவருக்குச் சிரிப்பு.

இன்று மாலை அந்த அம்மாவே போன் செய்தார். பெண்ணுக்கு ஏதோ விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்ப வேண்டுமாம், தெரிந்தவர்கள் வேறு யாருமில்லையாம். நிரப்பினேன். தந்தை என்ற இடத்தில் ‘காலமானார்’ என்று போடச் சொன்னார். முடிந்த பிறகும் போனை வைக்கவில்லை.

“புது வீட்டுல பக்கத்துப் போர்ஷன் அம்மா கேட்டாங்க, வீட்டுக்காரரு எப்படிப் போனாருன்னு. வேலை செய்யற இடத்துல மேலேருந்து ஒண்ணு விழுந்துடுச்சுன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“அடப்பாவமேன்னாங்க. அப்புறம் கொஞ்சம் உப்பு இருக்குமான்னு கேட்டாங்க.”

“குடுத்தீங்களா?”

“டப்பாவோட குடுத்துட்டேன்” என்றார்.