மரியதாஸின் கால்கள்

11 ஆகஸ்ட் 1999, புதன். மான்மவுத் ஜங்ஷன்

வெயில். பல வாரமாக மழை இல்லை. எதிர்வீட்டுப் புல்கூடப் பழுப்பு. முழங்கால் பரவாயில்லை.

காலையில் காலுறைகளைத் துவைத்துப் பின்வாசல் படியின் மரக்கைப்பிடியில் காயப்போட்டேன். மாலையில் செந்தில் ஒரு கடிதத்தோடு வந்தான். குடியிருப்பு அசோசியேஷனிலிருந்து இரண்டாவது எச்சரிக்கை. வெளியே துணி தொங்கக் கூடாதாம்.

"அப்பா, அடுத்தது ஃபைன் போடுவான்."

"போடட்டும்."

மருமகள் உமா அடுப்படியிலிருந்து: "டிரையர்தான் இருக்கே மாமா. ஒரு பட்டனை அமுக்கினா முடிஞ்சது."

இருக்கிறது. அதில் போட்ட காலுறை மேலே சூடு, விரல் முனையில் ஈரம். கையை உள்ளே விட்டுப் பார்த்தவன் நான். விளக்கினாலும் கேட்கமாட்டாள்.

ரசத்தில் உப்பு குறைவு.

12 வியாழன்

தமிழ்ச் சங்கச் செயலாளர் ரமேஷ் போன். சனிக்கிழமை சுதந்திர தின விழா. கார்கில் சண்டை இப்போதுதான் ஓய்ந்திருப்பதால் ராணுவத்துக்கு மரியாதையாம். இந்த வட்டாரத்துத் தமிழர்களில் பட்டாளத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். செந்தில் வேலை.

"அங்கிள், எழுபத்தொண்ணுல ஒரு பாலத்தை பிளாஸ்ட் பண்ணீங்களாமே. அதைச் சொல்லுங்க. பத்து நிமிஷம்."

"சொல்றேன். கூட வந்த மரியதாஸுக்குக் கால் எப்படி அழுகிச்சின்னும் சொல்லணும். அதான் முக்கியம்."

"கால் மேட்டர் வேணாமே அங்கிள். அப்ப டின்னர் போயிட்டிருக்கும்."

"அது வேணாம்னா நானும் வேணாம் தம்பி."

"சரி சரி, உங்க இஷ்டம்." சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவன் கேட்கிறான். போகத்தான் வேண்டும்.

13 வெள்ளி

மூவரும் போய்விட்டார்கள், பேத்தி டேகேருக்கு. பகல் முழுக்க ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். விட்டுப்போகக் கூடாதவை:

– எல்லை தாண்டியது போர் அறிவிக்கும் முன். சீருடை கிடையாது. லுங்கி, கான்வாஸ் ஷூ. பிடிபட்டால் நாங்கள் யாரென்று யாருக்கும் தெரியாது.

– காலுறை கேட்டதற்கு ஸ்டோர்காரன்: "லுங்கிக்குக் கீழ சாக்ஸா? என்ன, மாப்பிள்ளை ஊர்வலமா போறீங்க?" அவன் பின்னாலேயே காலுறை மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது.

– பகலில் நெல்வயல் தண்ணீரில் படுக்கை. மரியதாஸ் (ம.) விரலிடுக்கில் தோல் வெளுத்தது, உரிந்தது, பிறகு கருப்பு. கழற்றினால் திரும்ப மாட்ட முடியாதென்று ஷூவைக் கழற்றவே இல்லை. நாற்றம் எங்களுக்கே தாங்கவில்லை.

– ரயில் பாலம். வெடி கட்டியாகிவிட்டது. திரியும் நனைந்துவிட்டது, காய்ந்தது ஒரு சாண்தான். பற்றவைப்பவன் அந்த நிமிடமே ஓட வேண்டும். அது என் முறை. ம. என் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கினான். "எனக்க காலு போச்சு மக்கா. நான் எங்க ஓட? நீ போ." நாகர்கோவில்காரன். எல்லாரையும் மக்கா என்பான்.

– பாலம் போனது. அவன் வரவில்லை.

– கடைசியாகக் கட்டாயம் சொல்ல வேண்டியது: இது தியாகம் இல்லை. காய்ந்த காலுறை இருந்திருந்தால் அவனும் ஓடி வந்திருப்பான்.

14 சனி

மழை வந்துவிட்டது. பள்ளிக்கூட அரங்கு. புலாவ் வாசனை. பிள்ளைகளின் நடனம் நீண்டுபோய் எனக்கு ஐந்து நிமிடம் என்றார்கள்.

ரமேஷ் என்னைக் கமாண்டோ என்றான். கமாண்டோ இல்லை என்றுதான் தொடங்கினேன். அதற்கும் கைதட்டல். தோல் உரிந்ததைச் சொன்னபோது முன்வரிசையில் ஓர் அம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். வைக்கட்டும்.

"எனக்க காலு போச்சு மக்கா" வரை வந்தேன். "ஆனா இது" என்று எடுக்கும்போது தோளில் ஏதோ விழுந்தது. பொன்னாடை. ரமேஷ் பின்னாலிருந்து போர்த்திவிட்டான். சபையே எழுந்து கைதட்டியது.

"என்ன ஒரு சாக்ரிஃபைஸ்!" மைக் அவன் கையில்.

"தம்பி, நான் இன்னும் முடிக்கல."

"டைம் ஆயிடுச்சு அங்கிள். போட்டோவுக்கு இந்தப் பக்கம் பாருங்க."

பார்க்கவில்லை. மைக்குக்குக் கை நீட்டினேன். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

காரில் செந்தில்: "சூப்பர்ப்பா. எல்லாரும் அழுதுட்டாங்க."

"எதுக்கு அழுதாங்க?"

"என்னப்பா நீங்க. அவர் நாட்டுக்காக உயிரையே குடுத்திருக்காரு."

பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

15 ஞாயிறு

மழை விடவில்லை. எல்லோரும் எடிசனுக்கு மளிகை வாங்க. "வரீங்களாப்பா?" "இல்ல."

நேற்றைய அவசரத்தில் காலுறைகளை உள்ளே எடுக்க மறந்துவிட்டேன். கைப்பிடியில் மூன்று சொட்டிக்கொண்டு, ஒன்று புல்லில். வெறுங்காலோடு இறங்கி எடுத்து வந்தேன். பிழிந்து, மழையென்று தெரிந்தும், மறுபடியும் அங்கேயே போட்டேன். ஃபைன் போடட்டும்.

கால் இரண்டும் ஈரம். துண்டு மாடியில். நாற்காலியில் பொன்னாடை மடிப்புக் கலையாமல் இருந்தது. உட்கார்ந்து, அதைப் பிரித்து, விரலிடுக்கில் துடைத்துப் பார்த்தேன்.

முழுக்கச் சரிகை. ஈரம் இழுக்கவில்லை.