அண்ணனுக்கு வாங்கிய காங்காத் துணி

ஜூன் 9, திங்கள். தாருஸ்ஸலாம்

வெயில் உண்டு, உறைக்கவில்லை. கடல் காற்று. மகள் வீட்டில் கடைசி வாரம். ஊருக்குக் கொண்டுபோகச் சாமான் வாங்கும் வேலை. இன்று வாங்கியவை:

கருங்காலி யானை, எனக்கு. தும்பிக்கை கொஞ்சம் கோணல். இருந்தாலும் பிடித்துவிட்டது.
பாசிமணி வளையல், மனைவிக்கு.
கிராம்பு.
சிறுத்தைப் படம், கல்லூரியில் என்னைத் தாண்டி முதல்வர் ஆனவருக்கு. இருந்ததிலேயே அசட்டு முழி முழித்ததாகப் பார்த்து எடுத்தேன்.

அண்ணனுக்கு ஒன்றும் கிடையாது என்றேன். "பெரியப்பாவுக்கு மட்டும் இல்லாம எப்படிப்பா?" என்கிறாள் மகள். இவள் கல்யாணத்துக்கு வந்து, தாலி கட்டி முடிந்ததும் கை நனைக்காமல் எழுந்து போன மனுஷன். அன்றோடு பேச்சு நின்றது. வீடு என்னவோ இரண்டு தெரு தள்ளித்தான்.

ஜூன் 10, செவ்வாய்

துணிக்கடைத் தெரு. காங்கா என்று ஒரு துணி. இங்கே பெண்கள் இடுப்பிலும் தோளிலும் சுற்றிக்கொள்வது. ஜோடியாக, வெட்டாமல் விற்கிறார்கள். ஒவ்வொன்றிலும் கரையோரம் சுவாஹிலியில் ஒரு வரி அச்சடித்திருக்கிறது. மகள் விளக்கினாள்: "வாயால சொல்ல முடியாததை இதுல வாங்கிக் குடுப்பாங்கப்பா. பக்கத்து வீட்டுக்காரி, மாமியார், யாருக்கு வேணாலும். இல்லன்னா தானே கட்டிக்கிட்டு அவங்க முன்னால நடப்பாங்க."

நாகரிகமான ஜனம். இத்தனை வயது வரை தெரியாமல் போயிற்றே.

கடைக்கார அம்மாள் யாருக்கு என்று கேட்டாள். மகள் என்ன சொன்னாளோ, அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவினாள். ஊதாவில் மஞ்சள் முந்திரிப்பழங்கள். வரியின் பொருள்: நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

சாயம் போகுமா? போகவே போகாதாம்.

அண்ணனுக்கே எடுத்துவிட்டேன். அவனுக்கு சுவாஹிலி தெரியாது. எனக்குப் பொருள் தெரியும், அது போதும். "ரொம்ப மோசம்ப்பா நீங்க" என்றாள் மகள். வரும் வழியில் இளநீர். இரண்டு குடித்தேன்.

ஜூன் 19, வியாழன். தென்காசி

சாரல். மலை தெரியவில்லை. பெட்டி பிரித்தாயிற்று. யானைக்குத் தும்பிக்கை நுனி போய்விட்டது. பெட்டியை ஏற்றி இறக்கியவர்கள் யாரானாலும் விளங்கமாட்டார்கள்.

காங்காவை மனைவியிடம் கொடுத்து அனுப்பினேன். இவளுக்கும் மதினிக்கும் பேச்சு உண்டு. திரும்பி வந்து சொன்னாள்: "அக்கா தடவித் தடவிப் பாக்குதா. உங்க அண்ணன் விரிச்சு வச்சு அந்த ஓரத்தையே பாத்துக்கிட்டு இருந்தாவ."

பார்க்கட்டும். இன்று இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

மழை. குடை காணோம். முதல்வருக்குப் படம் கொடுத்தேன். நெகிழ்ந்துவிட்டார். நாற்காலிக்குப் பின்னால், தலைக்கு மேலேயே மாட்டச் சொன்னார். மேலும் கீழும் ஒரே முழி. இனி அந்த அறை வழியாகத்தான் வகுப்புக்குப் போவது.

ஒரு நெருடல். மதினி என் மனைவியிடம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாளாம். எதற்கென்று சொல்லவில்லையாம்.

ஜூன் 22, ஞாயிறு

விடிகாலை ஐந்தருவி. நல்ல தண்ணீர். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போனேன்.

அருவிக்கடியில் ஊதாவும் மஞ்சள் முந்திரியும். அண்ணன். பெண்கள் உடுத்தும் துணியை லுங்கியாகக் கட்டி, அந்த வரி நேராக என்னைப் பார்க்கும்படி நிற்கிறான். திரும்பிவிடலாம் என்றால் பின்னால் ஆள்.

"ஏலே, இங்கன வா."

கல்யாணத்துக்குப் பிறகு முதல் பேச்சு. போனேன்.

"என் மருமக போன்ல படம் பிடிச்சா. அது தமிழ்ல வாசிச்சுட்டு. நடு வீட்டுல, உன் மதினி முன்னால."

போனை நான் நினைக்கவே இல்லை. எம்.பில். படித்து என்ன.

"ஒரு வரி சொல்லுததுக்குக் கடல் தாண்டிப் போகணுமாலே? தைரியம் இருந்தா வாயால சொல்லு."

சொன்னேன்.

"கேக்கல. தண்ணிச் சத்தம்."

"மறக்கல. மன்னிக்கவும் இல்ல." தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் குளித்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

"எதுக்காம்?"

"கை நனைக்காம போனேல்லா?"

"நீ கூப்பிட்டியாலே? வந்தவனையெல்லாம் கையைப் பிடிச்சுப் பந்திக்கு இழுத்துட்டுப் போன. என்னைத் தாண்டித் தாண்டிப் போன."

"வீட்டுக்காரனை எவன் கூப்பிடுவான்? நின்னு பரிமாறணும் நீ."

"பரிமாறுதவனுக்குப் பசிக்காதோ?"

இதற்குப் பதில் எழுத இங்கே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். தோன்றும்.

கரையேறினோம். என் துண்டு வண்டியிலேயே கிடந்தது. அண்ணன் பையிலிருந்து ஒன்றை எடுத்து என்மேல் எறிந்தான். ஜோடியில் மற்றது. வெட்டி ஓரம் அடித்திருந்தார்கள். "துவட்டு. ஒனக்குச் சளி பிடிச்சா ஊருக்கே கேக்கும்." துவட்டினேன். தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறது. சாயம் போகவில்லை.

இட்லிக் கடையில் ஆவி. அவன் கடையைப் பார்க்காத மாதிரி, செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றான். செருப்பு காலில்தான் இருந்தது.

கையைப் பிடித்தேன். "சாப்பிட வா."

மெதுவாகத்தான் சொன்னேன். இது மட்டும் கேட்டுவிட்டது. அவனுக்கு ஒன்பது இட்லி, இரண்டு வடை.